பதிவேட்டில் இல்லாத முருங்கை

அரசாங்க வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. செம்பூரில் மாநில அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றைப் பராமரிக்கும் பிரிவில் குமாஸ்தா. மாடுங்காவில் ரயிலேறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஆபீஸ். ஆபீஸ் என்பது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஓர் அறை. குழாய் ஒழுகுகிறது, தாழ்ப்பாள் விழவில்லை, மேல்வீட்டுத் தண்ணீர் தலையில் சொட்டுகிறது என்று குடியிருப்பவர்கள் வந்து சொல்வதைப் புகார்ப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. மூன்று மாதத்தில் எந்த வீட்டுச் சுவரில் எங்கே விரிசல் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

மேலே ஓவர்சியர், மராத்திக்காரர். நல்ல மனிதர்தான், மேலிடத்துக் கடிதம் வந்தால் மட்டும் அவருக்கு வியர்த்துக் கொட்டும். கூலியாட்களை மேய்க்கிற முகாதம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியிலிருந்து வருவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைச் சாமி என்பார்.

அந்த வருஷம் மே மாதம் ஒரு கடிதம் வந்தது. முந்தின மழையில் முருங்கைக் கிளை ஒன்று முறிந்து மின்சாரக் கம்பியில் விழுந்து, மூன்று கட்டடங்கள் இரண்டு நாள் இருட்டில் கிடந்தன. ஆகவே மரப் பதிவேட்டில் இல்லாத மரம், செடி எல்லாவற்றையும் மழைக்கு முன்னால் அகற்ற வேண்டும். டெபுடி இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார். ஓவர்சியர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "லிஸ்ட் பனாவ், ஜல்தி." சீக்கிரம் லிஸ்ட் போட வேண்டுமாம்.

அப்படியொரு பதிவேடு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பீரோவின் அடித்தட்டில் இருந்தது. கட்டடம் கட்டிய காலத்தில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அண்ணாச்சியும் வளாகத்தைச் சுற்றினோம்.

"வாசல்ல ரெண்டு வேம்பு" என்று படித்தேன்.

அண்ணாச்சி வாசலைத் திரும்பிப் பார்த்தார். "நான் வந்த நாள்லேர்ந்து இங்க வேம்பு கெடையாது சாமி."

"பின்சுவரோரம் நாலு குல்மொஹர்."

பின்சுவரோரம் சைக்கிள் கொட்டகை நின்றது.

மதியத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. பதிவேட்டு மரங்களில் பதினான்கு தரையில் இல்லை. தரையில் இருந்த கறிவேப்பிலை, எலுமிச்சை, பப்பாளி, செம்பருத்தி எதுவும் பதிவேட்டில் இல்லை. கடைசியாக, கம்பியில் கிளையைப் போட்ட அந்த முருங்கை. இரண்டு மாடி உயரம், நிறையக் காய். அதை வைத்தது ஒரு ஸ்டெனோகிராபரின் மனைவி, பாலக்காட்டு மாமி. ஜன்னலிலேயே நின்றிருந்தார்.

"எழுதிக்கறேளா? நன்னா எழுதிக்கோங்கோ. நீங்க மாடுங்கால இருக்கேள், வாசல்ல இறங்கினா முருங்கைக்காய் கட்டுக் கட்டா கிடைக்கும். இங்க யார் கொண்டு வரா? காட்கோபர்லேர்ந்து என் தம்பி கொம்பை வெட்டிண்டு பஸ்ல வந்தான். கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கிழிச்சான்."

"ஆர்டர் மாமி. நான் என்ன பண்றது?"

"இத்தனை நாள்ல கவர்ன்மென்ட் இதுக்கு ஒரு சொம்பு தண்ணி விட்டுதோ?"

'முருங்கை, ஒன்று' என்று எழுதிக்கொண்டு நகர்ந்தேன்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் பெண்கள் கூட்டம். முன்னால் நின்றவர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், மராத்திப் பெண். இந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டுத் தாளிப்பும் என் கறிவேப்பிலையில்தான் நடக்கிறது, தைரியமிருந்தால் வெட்டுங்கள் என்றார். எங்கள் ஆபீஸுக்கு ஒரே கதவு. ஓவர்சியர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் லிஸ்டை இரண்டு பத்தியாக எழுதியிருந்தேன்: இருப்பவை, காணாதவை. இரண்டாவது பத்தியைப் பார்த்ததும் ஓவர்சியருக்கு முகம் வெளுத்தது. இதை யார் எழுதச் சொன்னது, கிழித்துப் போடு என்றார். கிழிப்பதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. டெபுடி இன்ஜினியர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

மேஜை மேலிருந்த லிஸ்டை அவரே எடுத்துப் படித்தார். "இந்தப் பதினான்கு மரம் எங்கே?"

பதில் எழுதச் சொன்னால் யார் எழுதுவது, என்ன எழுதுவது என்றுதான் எனக்குக் கவலை. அதிகாரிகள் முன்னால் பேசியே அறியாத அண்ணாச்சி, தன் பம்பாய் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் பட்டுப்போச்சு சாப். குடியிருக்கிறவங்க பதிலுக்கு வேற மரம் வெச்சிருக்காங்க."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. டெபுடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளாகத்தைச் சுற்றி வந்தார். முருங்கையடியில் நின்று அண்ணாந்து, மராத்தியில் அதன் பெயரை, "ஷேவ்கா" என்றார். சாப்பாட்டுக்கு உட்காரப் போகிறவர் குரல் அது. சுவரையும் கம்பியையும் விட்டு விலகி இருப்பதை எல்லாம் பதிவேட்டில் ஏற்று, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். முருங்கையை மட்டும் வெட்டத்தான் வேண்டும்.

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? நான் போய்ச் சொன்னதும் மாமி கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணாச்சி கூலியாட்களை விடாமல் தானே வெட்டினார். நெஞ்சு உயரத்துக்கு அடிமரத்தை விட்டு, வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டுச் சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னார். "இது சாவாது மாமி. ஐப்பசிக்குள்ள தளுத்துரும். ஒசரமா மட்டும் விடாதிய."

கதவு திறக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குப்பை வண்டியில் வெறும் தழைதான் இருந்தது. கொம்புகளைக் காணோம். "எங்க அண்ணாச்சி?" என்றேன். "ஆளுக்கொண்ணா கேட்டாவ, குடுத்துட்டேன்" என்றார்.

ஜூலையில் கூரை ஒழுகலைப் பார்க்கக் குடை பிடித்துக்கொண்டு போனபோது வழியெல்லாம் முருங்கை துளிர்த்திருந்தது. நர்ஸ் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியருகே, எங்கள் ஆபீஸ் தகரக் கொட்டகை ஓரத்தில்கூட. கொட்டகை ஓரத்தில் நட்டது யாரென்று ஓவர்சியரைக் கேட்டேன். "கம்பி இந்தப் பக்கம் இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

மாமிக்கு என் மேல் கோபம் தணிய ஐப்பசி ஆயிற்று. ஒரு நாள் மதியம் முருங்கைக்கீரை அடையை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். இரண்டு பொட்டலம். பெரியது அண்ணாச்சிக்கு என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்.