இரண்டு பேர் வாங்க நினைத்த லாரி

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் ஒரு வேர்க்கடலை மண்டியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி மேல்சித்தாமூர் சமண நைனார் குடும்பத்தவர். அவரிடம் இரண்டு லாரிகள். ஒன்று என்னிடம், இன்னொன்று சிங்கவரத்துக்காரன் ஒருவனிடம். அவன்தான் எனக்கு நெருங்கிய கூட்டாளி. மெட்ராஸ் எண்ணெய் மில்களுக்கு மூட்டை ஏற்றிப் போவோம்.

சொந்தமாக வண்டி வாங்கலாம் என்று முதலில் பேச்செடுத்தது நான்தான்.

"ஒருத்தன் ஓட்டுனா ஒருத்தன் தூங்கலாம்டா. வண்டி நிக்கவே நிக்காது" என்றேன்.

அவன் சட்டென்று ஒத்துக்கொள்கிறவன் அல்ல. "மொதலாளி வண்டி படுத்துக்கினா நமக்கு சம்பளம் வருது. நம்ம வண்டி படுத்துக்கினா யாரு குடுப்பா?" என்று கேட்டான். மாதக்கணக்கில் யோசித்தான். பிறகு அவனே திண்டிவனத்தில் ஒரு பழைய லாரி விலைக்கு வருகிறது என்று விசாரித்து வந்தான். இருவரும் போய்ப் பார்த்தோம். இன்ஜினை ஓடவிட்டு, டாக்டர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டான். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போய் முன்பணம் கொடுப்பது என்று முடிவானது. அதற்காக அவன் இரண்டு நாள் லீவும் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை மதியம் மண்டி வாசலில் ஒரு புது லாரி வந்து நின்றது. கேபினில் பெயிண்ட் வாசனை அடித்தது. முதலாளி என்னை அழைத்தார்.

"இத நீ ஓட்டுறியா? பாதில வுட்டுட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிடுப்பா, வேற ஆளு பாத்துக்கறேன்."

"எங்கயும் போவல மொதலாளி. நானே ஓட்டுறேன்."

அப்போது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். மாதச் சம்பளத்தை விட்டுவிடப் பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் புது ஸ்டியரிங்கைப் பார்த்ததுமே மனசு போய்விட்டது என்பதும் உண்மை.

சிங்கவரத்துக்கு சைக்கிளில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை. அவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை லோடு ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான். முதலில் வண்டியைப் பார்த்தான், பிறகு என்னை. கையைத் தூக்கினான். நான் நிறுத்தவில்லை.

அவன் அந்தத் திண்டிவனத்து லாரியைத் தனியாகவே வாங்கிவிட்டான் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. மண்டிக்கு வந்து முதலாளியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். மாற்று டிரைவராக யாரை வைத்தாலும் நிலைக்கவில்லை. தூக்கம் கெட்டு ஒற்றை ஆளாக ஓட்டினான்.

ஒருநாள் நான் மெட்ராஸிலிருந்து காலியாகத் திரும்பி வருகிறேன். திண்டிவனம் சாலையில் அவன் வண்டி ஆக்சில் உடைந்து, மூட்டைகளோடு நின்றது. வானம் கருத்திருந்தது. இறங்கிப் போனேன்.

"லோட என் வண்டில மாத்திக்கலாமாடா?"

"உன் மொதலாளியக் கேட்டுக்கினு வா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் கிளம்பிவிட்டேன். கிழிந்த தார்ப்பாய்க்குள் மழை இறங்கி, கடலை நனைந்து முளைத்துவிட்டதாம். சரக்கை ஏற்றி அனுப்பிய வியாபாரி அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் லாரியை விற்றுவிட்டு, திருவண்ணாமலையில் ஒரு பஸ் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தான்.

அங்கே ஒரு டீக்கடையில் வெகுகாலம் கழித்து அவனைப் பார்த்தேன். அவனே கூப்பிட்டு உட்கார வைத்தான். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான். பிறகு சொன்னான்:

"நீ வராதது கூட பரவால்லடா. வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா நானும் வாங்கியிருக்க மாட்டேன். தனியா ஓட்ற தெகிரியம் எனக்கு மட்டும் ஏது?"

"அப்புறம் ஏன்டா போயி வாங்குன?"

"நீ அன்னிக்கி அந்தப் புது வண்டிலயே திண்டிவனம் வந்து எறங்குவன்னு நெனச்சேன். சாயந்திரம் வரைக்கும் பாத்தேன். வாங்கறோம்னு லாரிக்காரன்கிட்ட ஏற்கனவே சொல்லியாச்சு, வெறுங்கையோட எப்படித் திரும்பறது?"

அன்று நான் திண்டிவனத்தில் டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை, நேராக மெட்ராஸ் போய்விட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுடைய பஸ்ஸின் கண்டக்டர் விசில் அடித்தார். "வர்றேன்டா" என்று எழுந்து போனான்.