முப்பத்தோராம் நாளுக்கு முன்

மகள் பள்ளிக்கூடத்தில் வரலாற்றுக்கு ஒரு புரொஜெக்ட் செய்தாள். நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்து அரசருக்குப் பிறந்து, மறுநாளே இறந்துபோன ஒரு இளவரசியைப் பற்றி. நாங்கள் குடிபெயர்ந்து வந்த வோபர்னில் எங்கள் அப்பார்ட்மெண்டின் சாப்பாட்டு மேசை முழுவதும் அந்தக் குழந்தையின் கல்லறைப் படங்கள். எனக்குக் கறி வைக்க இடமில்லை.

“ஒரு நாள் இருந்த பிள்ளையைப் பற்றி என்னத்தை எழுதப்போறாய்?” என்றேன்.

“பிறந்த அண்டைக்கே அவசரமா ஞானஸ்நானம் குடுத்துப் பேர் வச்சிருக்கினம், அம்மா. லுக், தொட்டில் மாதிரியே கல்லறை.”

பார்த்தேன். கல்லில் செதுக்கிய தொட்டில். கரையில் பின்னல் வேலை செய்த போர்வை. உள்ளே சின்ன முகம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த இளவரசிமேல் அல்ல. பேர் வைப்பதற்கு அவர்களுக்கு ஒரு நாள் போதுமாயிருந்திருக்கிறது.

இவளுக்கு முன் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். எங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் துடக்கு, பிறப்புத் தீட்டு, கழித்துத்தான் பெயர் வைப்போம். அதுவரை அவள் வெறும் ‘பிள்ளை’. ஆஸ்பத்திரிக்காரர் கையில் கட்டிய பட்டையிலும் என்னுடைய பெயர்தான் இருந்தது. அந்த நாள் வருமுன்னமே போய்விட்டாள். அந்தியேட்டிக் கிரியை இல்லை, திவசம் இல்லை, சுவரில் படம் இல்லை. புதைத்த இடத்தில் கல்லும் இல்லை. கல்லில் எழுதப் பெயர் வேண்டுமே. “பேர் வைக்காத பிள்ளை, மனசில வச்சிருக்காதை” என்று ஒரு அன்ரி சொல்லிவிட்டு, நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். என் கணவர் அதன்பிறகு அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதற்காக அவர்மேல் உள்ளுக்குள் கறுவிக்கொண்டும் இருந்தேன்.

“அக்கான்ர பேர் என்ன?” என்று மகள் கேட்டாள். அக்கா ஒருத்தி இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

“வைக்கேல்லை.”

“அப்ப இப்ப வையுங்கோவன்.”

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாமே லேசு.

அன்றைக்கு அவர் வேலையால் வந்து சாப்பிட இருந்தபோது கேட்டேன். “இஞ்சருங்கோ, மூத்தவளுக்கு ஒரு பேர் வைக்கவேணும்.” சோற்றுக் கோப்பையை விட்டு எழும்பிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சோற்றைக் குழைத்தபடியே இருந்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். யோசித்துச் சொல்லவில்லை, தினமும் கூப்பிடுகிற பெயரைப்போலச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அது அவருடைய பெரியம்மாவின் பெயர், நாக்குச் சுளுக்கிக்கொள்கிற அளவுக்கு நீளம்.

“உந்தப் பேரோ?” என்றேன். “பள்ளிக்கூடத்தில உந்தப் பேரை ஆர் ஒழுங்காச் சொல்லுவினம்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மகள் தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

அவர் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவள் சொல்லிக் குடுப்பாள்” என்றார்.