அவள் கையால் எழுதிய இரண்டு பக்கங்கள்

என் மனைவி இறந்து நான்கு மாதங்கள் கழிந்திருந்தன. பாரிசை அடுத்த சார்செலில் எங்கள் சாப்பாட்டு மேசையில் மருமகள் இரண்டு விண்ணப்பப் படிவங்களை விரித்து வைத்தாள். ஒன்று மூன்றாண்டுத் தாதியர் கல்விக்கானது. அதைத் தேடி எடுத்து வந்தவன் நான். மற்றது ஓராண்டுப் பயிற்சி. நோயாளரைக் கழுவி, உடை மாற்றி, உணவூட்டும் உதவித் தாதிக்கானது. அதை அவளே எடுத்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை அனுப்பியாக வேண்டும். தவறினால் இன்னுமொரு வருடம், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அதே உணவகத்தின் சமையலறை. என் மகனை மணந்து வன்னியிலிருந்து வந்த நாள் முதலாக அங்கேதான் அவளுக்கு வேலை.

பிறர் உடலைக் கழுவும் தொழிலை எங்கள் குடும்பங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அதைச் செய்கிறவர்களையும் ‘நேர்ஸ்’ என்றே உறவினரிடம் அறிமுகப்படுத்துவோம். படிவங்களை விரிப்பதற்கு முந்திய நாள், பிரதி எடுக்கும் கடைக்காரர் அவளுடைய சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, “மாஸ்டற்றை மருமகளெண்டால் டொக்டராயெல்லோ வரவேணும்” என்று சிரித்தார். நேர்ஸ் படிக்கப் போகிறாள் என்று பதில் சொன்னேன். அப்போது அவள் என் அருகில்தான் நின்றாள்.

இரண்டு படிவங்களிலும் விண்ணப்பதாரி தன்னைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. ஓராண்டுப் பயிற்சிக்கு அதைத் தன் கையாலேயே இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் எழுத வேண்டும். நான் தாதியர் கல்விக்கென ஒரு கடிதம் தயாரித்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்தவன். இங்கு வந்து பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்றவன். முப்பது ஆண்டுகளாக லா சப்பலில் எங்கள் ஆட்கள் அலுவலகத் தாள்களைக் கொண்டுவருவார்கள். நான் எழுதுவேன், அவர்கள் ஒப்பமிடுவார்கள். அதில் பிழை இருப்பதாக இரு தரப்பிலும் எவரும் நினைத்ததில்லை. சேவை, அர்ப்பணம், மானுட மேன்மை என்று அந்தக் கடிதம் நன்றாகவே அமைந்திருந்தது.

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள்.

“வடிவாய் இருக்கு மாமா. ஆனால் கூப்பிட்டு வைச்சுக் கேட்டினமெண்டால், இதிலை ஒரு வசனமும் என்ரை வாயிலை வராது.”

பழகிக்கொள்ளலாம் என்றேன். மூன்று ஆண்டுகள் படித்தால் கிடைக்கும் நிலையையும், ஓராண்டோடு நின்றுவிட்டால் பிறகு மேலேறுவது எவ்வளவு கடினம் என்பதையும் வகுப்பில் விளக்குவது போல விளக்கினேன். நான் முடிக்கும் வரை அவள் கேட்டாள். மருத்துவமனையில் மாமிக்கு மருந்து கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், நெடுநேரம் கிட்ட நின்றவர்கள் உதவித் தாதியர்தான், தனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்றாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

“மாமியைக் கழுவினதை எழுதலாமோ? உங்களிட்டைக் கேக்காமல் எழுத மனம் வரேல்லை.”

அப்போதுதான் அவளுடைய படிவத்தைப் பார்த்தேன். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அந்த இரண்டு பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. என் மனைவியின் உடலைப் பற்றி அந்நியர்கள் வாசிப்பதற்கு எழுதுவது முறையா என்று தெரியாமல், மூன்று வாரங்களாக அப்படியே வைத்திருந்திருக்கிறாள்.

கடைசி மாதங்களில் மனைவி மருமகளைத் தவிர வேறெவரையும் தன்னைத் தொட்டுக் கழுவ விடவில்லை. மருமகள் உணவகத்துக்குப் போகுமுன் மருத்துவமனைக்கு வருவாள்; அங்கிருந்த உதவித் தாதி எப்படித் திருப்புவது, எங்கே தாங்கிப் பிடிப்பது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். தண்ணீர்ப் பாத்திரம் உள்ளே வந்ததும் நான் வெளியே போய்விடுவேன். கதவுக்கு அருகே எப்போதும் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்திருப்பேன்.

எழுதச் சொன்னேன். என் குரல் எனக்கே அதிகாரமாகக் கேட்டது. ஆகவே இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னேன்.

அவள் மூன்று மாலைகள் எழுதினாள். வியாழக்கிழமை திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தாள். சிறு வாக்கியங்கள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்தது, முதுகுப் புண்ணைத் தவிர்த்துத் திருப்பியது, கழுவாத பாகத்தைத் துவாயால் மூடியே வைத்திருந்தது. இரண்டாம் பக்கத்தில், தொடங்குமுன் நோயாளி ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கேட்பார் என்று எழுதியிருந்தாள்: வெளியில் கணவருக்கு நாற்காலி போட்டாயிற்றா? போட்டாயிற்று என்று சொன்ன பிறகே கையைத் தூக்கித் தருவார்.

அது மருத்துவமனையின் நாற்காலி, அங்கேயே கிடப்பது என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

இரண்டு பிரெஞ்சு வினை முடிவுகளையும் ஓர் எழுத்துப் பிழையையும் மட்டும் பென்சிலால் குறித்தேன்.

வெள்ளி காலை கடைக்காரர் பக்கங்களைப் பிரதி எடுத்தபடி, “நேர்ஸ் படிப்புக்குத்தானே மாஸ்டர்?” என்று கேட்டார். அவள் கைப்பையில் எதையோ தேடினாள்.

“இல்லை. வருத்தக்காறரைக் கழுவிப் பராமரிக்கிற படிப்பு. ஒரு வருசம்” என்றேன்.

அவர் சிறிது தயங்கினார். அதற்கும் இப்போது நல்ல தேவை இருக்கிறது என்று என்னை ஆறுதற்படுத்த முயன்றார். அவள் தேடுவதை நிறுத்திவிட்டு உறையை ஒட்டக் கை நீட்டினாள். அவள் ஒட்டுமுன், அந்த இரண்டு பக்கங்களிலும் எனக்கென்று இன்னொரு பிரதி கேட்டேன். அவளுக்கு இடம் கிடைத்துப் பயிற்சிக்குப் போய்வரத் தொடங்கிய பின்னும், அது என் மேசை இழுப்பறையில், நான் எழுதிய கடிதத்துக்கு மேலே இருக்கிறது.