கரடிக்கு ஒரு ரான்தேவூ

இந்த நாட்டில் கரடியைக் கட்டிப்பிடிக்கக்கூட ‘ரான்தேவூ’ வாங்க வேண்டும். டாக்டரைப் பார்க்க, வங்கிக்குப் போக, தலைமுடி வெட்டிக்கொள்ள என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்து வாங்கும் பிரான்சு வாழ்க்கை எனக்குப் பழகித்தான் போயிருந்தது. ஆனால் கரடிக்குமா? அதுவும் உள்ளே ஓர் ஆள் வியர்த்து வழிந்துகொண்டு நிற்கும் பஞ்சுக் கரடிக்கு! கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு உல்லாசக் கப்பலில் போவதென்று முடிவானதும், கப்பல்காரர்கள் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கரடி எந்தத் தளத்தில் எப்போது குழந்தைகளைச் சந்திக்கும் என்று அதில் இருந்தது. பெரியவள் இனியாவுக்கு ஐந்து வயது. கப்பல் கரடியைப் பார்க்கப் போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சின்னவன் கவினுக்கு மூன்று. அவன் மதியத் தூக்கமும் கெடக் கூடாது, இவள் சாப்பாடும் தள்ளிப்போகக் கூடாது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒரு நேரத்தைத் தேர்ந்து வைத்தேன்.

பதிவு திறக்கும்போது நான் வேலையில் இருப்பேன். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் போனைத் தொட விடமாட்டார்கள். அன்று லீவில் இருந்த என் வீட்டுக்காரரிடம், “மறந்துடாதீங்க, தொறந்த ஒடனே அமுக்கிடுங்க” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன். மனிதர் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டார். “நேர்ல போயி புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு கேட்டா முடியாதுன்னா சொல்லிடுவாங்க? நம்ம ஊர்ல சாமியே தெருவுக்கு வருது. கரடி வராதா?” என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காரைக்காலை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும், ஆளைப் பார்த்துப் பேசினால் எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கை மட்டும் இவரை விட்டுப் போகவில்லை.

கப்பலில் ஏறிய கையோடு கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அழகாகச் சிரித்தாள். “தெசோலே, மெஸ்யே. கம்ப்ளே.” வருந்துகிறாளாம், எல்லாம் நிரம்பிவிட்டதாம். இவர் ஒரு விரலைக் காட்டி, “ஒரு நிமிஷம்தான்” என்று கெஞ்சினார். யோசிக்க ஒரு நிமிஷம் கேட்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, தாராளமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டாள். “அப்ப நாம கரடிய பாக்க மாட்டமாம்மா?” என்று கேட்டு இனியா உதட்டைப் பிதுக்கினாள். கடலில் குதிக்கலாம் போல இருந்தது எனக்கு. இவரைத் தள்ளிவிட்டுவிட்டு.

இவர் சொன்ன அந்தச் சாமியும் பொய்யில்லை. ஆனி மாதம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் சிவன் பிச்சாடனராக வீதியுலா வருவார். வேண்டுதல் பலித்தவர்கள் மாடிகளில் நின்று கூடை கூடையாக மாம்பழத்தை வீசுவார்கள். கீழே இருப்பவர்கள் அதைப் பிரசாதமாகப் பிடிப்பார்கள். கல்யாணமாகிப் பிள்ளையில்லாமல் ஊருக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துப்போயிருந்த ஒரு வருஷம் நானும் முந்தானையை விரித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றேன். பழம் விழுந்தது. அடுத்த வருஷம் இனியா பிறந்தாள். போன வருஷம்தான் ஊருக்குப் போய் வேண்டுதலை முடித்தோம். பாரதியார் வீதியில் என் அண்ணனுடைய சிநேகிதர் வீட்டு மாடியிலிருந்து இனியாவே தன் கையால் வீசினாள். அவள் வீசியதில் ஒன்றுகூடத் தரையில் விழவில்லை. கீழே அத்தனை கைகள். “இதுக்கு ரான்தேவூ வேணாமா மாமா?” என்று அவள் கேட்க, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலை நீச்சல்குளத்தின் பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்குள் பதிவு செய்தவர்களைக் கரடி கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. மேல்தளத்துக் கம்பிக்குப் பின்னால் நின்று நாங்கள் பார்த்தோம். நான் இவரை முறைத்துக்கொண்டிருந்தேன். காலைச் சாப்பாட்டில் எடுத்த பீச் பழங்கள் இனியா கையில் இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. திடீரென்று ஒன்றை வீசினாள். கீழே ஒரு கைகூட உயரவில்லை. எல்லாரும் விலகினார்கள். கரடியின் காலடியில் பழம் விழுந்து சிதறியது. ஒரு குழந்தை வீறிட்டது.

“அடிப்பாவி!” என்று படியில் இறங்கி ஓடினேன். கரடிக்குத் துணையாக நின்ற பெண் கயிற்றருகிலேயே என்னை மறித்தாள். கரடி மீது உங்கள் மகளுக்கு என்ன கோபம் என்றாள்.

“கோபமில்லை மதாம், மரியாதை. எங்கள் ஊரில் சாமி வரும்போது இப்படித்தான் எறிவோம்” என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

“கடவுள் மீதா எறிவீர்கள்?” அவள் முகம் வெளுத்துவிட்டது.

எந்த ஊர்க் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது மேலிருந்து இனியாவின் குரல் கேட்டது. “யாருமே புடிக்கலம்மா! நீ புடி!”

என்னை அறியாமல் துப்பட்டாவை விரித்தேன். அடுத்த பழம் பொத்தென்று அதில் வந்து விழுந்தது.

“கரடிக்குக் குடும்மா!” என்று கத்தினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போக எனக்கு அனுமதியில்லை. மேலே என் பிள்ளை குதித்துக்கொண்டிருந்தாள். கரடி எங்களைப் பார்த்தபடி நின்றது. துப்பட்டாவை விரித்தபடி நானும் நின்றேன்.