பங்குனி ஆமையும் பகல் ஆய்வும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு கல்யாண விடுதி. மணலைப் பார்த்து வரிசையாக ராட்சத விளக்குகள். பங்குனி ஆமைகள் முட்டையிடுவதும் அதே மணலில்தான். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் ஊர்ந்து போகும். கடலுக்குப் போக வேண்டியவை தார்ச்சாலைக்குப் போய் நசுங்கின.

நான் வருவாய்த் துறையில் ஓய்வுபெற்றவன். மனுக்கள் எப்படிச் சாகின்றன என்பது எனக்குத் தெரியும். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறிச் சென்னை போய், பசுமைத் தீர்ப்பாயத்தில் நானே வழக்குப் போட்டேன். இந்தப் பருவத்துக் குஞ்சுகள் பொரிவதற்குள் உத்தரவு வேண்டும். விடுதியின் வக்கீலுக்கு வாய்தா மட்டும் போதும்.

கூட்டு ஆய்வுக்கு உத்தரவானது. விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டிய குழு நண்பகலில் வந்தது. விடுதியிலேயே வஞ்சிர வறுவலோடு சாப்பாடு. "ஆய்வின்போது விளக்குகள் எரியவில்லை" என்று எழுதினார்கள். பொய் என்று சொல்ல முடியாது.

"ராத்திரி வந்து பார்க்கக் கூடாதா?" என்றேன் அதிகாரியிடம்.

"ஆபீஸ் டைம்லதான் சார் வர முடியும். உங்களுக்குத் தெரியாததா?"

விடுதி மேலாளர் பல் குத்திக்கொண்டே வந்தார். "இன்னா பெர்சு, பென்ஷன் வாங்கிகினு வூட்ல குந்தாம, ஆமைக்கு வக்காலத்தா? ஆமை கையெழுத்து போட்டுச்சா?"

விசாரணையில் வக்கீல் அறிக்கையை உயர்த்திக் காட்டினார். கடலைப் பார்த்து அவர்கள் விளக்கே போடுவதில்லையாம். நான் ஆட்சேபிப்பேன், பதில் சொல்ல வாய்தா கிடைக்கும், அதற்குள் பருவம் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

"ஆட்சேபணை இல்லை, ஐயா. அவர் சொன்னதை உறுதிமொழியாகப் பதிவு செய்தால் போதும்" என்றேன்.

பதிவானது. இனி ஒரு விளக்கு எரிந்தாலும் உத்தரவை மீறியதாகும். வக்கீல் வாயைத் திறந்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் மேலாளர் போனில் வந்தார். "நைனா, முகூர்த்தம் வருது. பீச்சுல கல்யாணம் புக் ஆயிகீது. லைட்டு இல்லாம எப்பிடி?"

"விளக்கே கிடையாதுன்னு சொன்னீங்களே. இல்லாத விளக்கைப் போட அனுமதி கேட்டு மனு கொடுங்க. நான் எதிர்க்க மாட்டேன்."

என் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்.

குஞ்சுகள் பொரிந்த வாரம் விடுதி இருட்டாகவே கிடந்தது. காலையில் பார்த்தால் சின்னச் சின்னத் தடங்கள் நேராக அலை வரை போயிருந்தன. அதே வாரம் நான் அத்துமீறி நுழைந்ததாகக் காவல் நிலையத்தில் மேலாளர் புகார் கொடுத்திருந்தார். ரசீது இல்லாத மனு அன்றே செத்துவிடும். அதைக்கூட வாங்கவில்லை, கத்துக்குட்டி.