பாதி புரிவதை நம்பாத பக்கர் காக்கா

பக்கர் காக்கா மௌத்தாகிவிட்ட செய்தி ஒரு திங்கட்கிழமை காலை, கவுன்டருக்கு முன்னால் ஒன்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது வந்தது. அவருடைய மகள் ஊரிலிருந்து அரபியில் இரண்டே வரி எழுதியிருந்தாள். சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். இரண்டு மாத லீவில் போனவர். அடுத்த வாரம் திரும்பியிருக்க வேண்டும். நான் அதைப் படித்துவிட்டு, முன்னால் நின்றவரின் விண்ணப்பத்தை அடித்து முடித்தேன். அடுத்தவருடையதையும் முடித்தேன். மூன்றாவது ஆள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், பேரு தப்பா இருக்கே" என்றார். வாங்கிப் பார்த்தால், அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காக்காவின் முழுப் பெயரை, பக்கர் மாதி என்று, அடித்து வைத்திருக்கிறேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

அஜ்மானில் எங்கள் டைப்பிங் சென்டருக்கு வந்து போனவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. விசா, வாடகை ஒப்பந்தம், புகார் மனு என்று எதுவானாலும் அரபியில் எழுத அவரிடம்தான் போவீர்கள். பெயரைக் கேட்டுவிட்டு, "நம்ம கீழக்கரைப் பக்கமா?" என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்! அவர் கொமோரோஸ்காரர். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே கடலில் கிடக்கும் நான்கு தீவுகளில் மிகச் சிறியதான ம்வாலி அவருடைய தீவு. தமிழ் பேசியதெல்லாம் என்னிடமும் உங்களிடமும் பொறுக்கிக்கொண்டது. நான் காயல்பட்டினத்துக்காரி என்பதால் அவர் தமிழிலும் எங்கள் ஊர் வாடை அடித்தது. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், அவரையும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வருகிறவர்கள் எல்லாரும் கூப்பிடுவதைப் பார்த்து என்னை "லாத்தா" என்பார். அக்கா என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த சொல்லே நீ, வா, போதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நீங்க போன்ல பேசுறது ஸ்வாஹிலிதானே காக்கா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். மனிதர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "லாத்தா, நீ மலையாளமா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? தமிழு! சுத்தத் தமிழு!" என்று கத்தினேன். அவர் சிரிக்கவே இல்லை. "கோவம் வருதுல்ல? அதே கோவம்தான் எனக்கும். ஸ்வாஹிலி என் சாச்சி மவன். நான் இல்லை" என்றார்.

பிறகு டீ வரும்வரை பாடம் நடந்தது. அவர் பேசுவது ஷிம்வாலி. ஸ்வாஹிலி, கொமோரி, கென்யக் கரையை ஒட்டி வாழ்கிறவர்களின் மிஜிகெண்டா, தானா ஆற்றோரத்துப் பொகோமோ எல்லாம் ஒரே தாய்வழிப் பேத்திகள். ஆனால் ஒவ்வொருத்திக்கும் தனி வீடு, தனி அடுப்பு. கொமோரி வீட்டுக்குள் நான்கு தீவுகளுக்கு நான்கு பேச்சு. பெரிய தீவின் பேச்சும் ம்வாலியின் பேச்சும் ஒரு பக்கம். ந்ஸ்வானி, மயோத் இரண்டும் இன்னொரு பக்கம். "ஆனா எங்க தீவுல ந்ஸ்வானி ஆளுங்க நிறைய குடியேறியிருக்காங்க. அதனால எங்களுக்கு ரெண்டு பக்கமும் காது" என்றார். காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், வீடு மகளுக்குத்தான் என்று நான் சொன்னதும் துள்ளிக் குதித்துவிட்டார். அவர்கள் தீவுகளிலும் அப்படியேதானாம். "அப்போ நீங்களும் வீட்டோட மாப்பிள்ளையா காக்கா?" என்று சீண்டினேன். "ஆமா. மாமியார் வீட்ல ஒவ்வொரு வார்த்தையும் யோசிச்சுப் பேசணும். அப்படிப் பழகித்தான் நல்ல மொழிபெயர்ப்பாளன் ஆனேன்" என்றார்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு எரிச்சலாக இருந்ததை இப்போது மறைப்பானேன்? மனுவை அடித்து முடித்ததும், வந்தவருக்கு வாசித்துக் காட்டுவார். "சரியா?" என்று கேட்க மாட்டார். "இப்ப நீ சொல்லு, நான் என்ன எழுதியிருக்கேன்?" என்பார். அந்த ஆள் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இராமநாதபுரத்துக்காரத் தம்பி ஒருவர், "அதான் ஆமான்னு சொல்லிட்டேனே பாய், எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்று கெஞ்சினார். "ஆமான்னா நான் முத்திரை குத்த மாட்டேன். சொல்லிக் காட்டு, குத்துறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வரிசையிலிருந்து "பாய், ஜல்தி! யல்லா!" என்று கூச்சல். நான் அவர் காதில் விழும்படியே, "இந்த மனுசனோட காலம் தள்ள முடியாது" என்று முணுமுணுத்தேன். அந்தத் தம்பி திருப்பிச் சொன்னபோது, தான் போட வந்த மனு வேறு, அடித்திருந்த மனு வேறு என்று அவருக்கே தெரிந்தது.

இனி நான் சொல்லப்போவது என் தவறு. அவரைத் தெரிந்த உங்களிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காக்கா வராத ஒருநாள், எஷாத்தி என்ற பெண்ணை அவள் வேலை செய்த வீட்டார் கூட்டி வந்தார்கள். ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மா வீட்டில் தனியாக இருந்தபோது விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இவள்தான் பொறுப்பில்லாமல் விட்டுவிட்டுப் போனாள் என்று புகார். விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டு விண்ணப்பம் அடிக்க வேண்டும். கொமோரி, ம்வாலித் தீவு என்று பாஸ்போர்ட்டில் பார்த்தேன். மொழி என்ற கட்டத்தில் கொடுத்திருந்த பட்டியலில் கொமோரி இல்லை. ஸ்வாஹிலி இருந்தது. அத்தனை பாடம் கேட்டவள் நான்! பின்னால் வரிசை நிற்கிறது, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று ஸ்வாஹிலியைத் தட்டிவிட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தேன்.

பத்து நாள் கழித்து எஷாத்தி தன் ஊர்க்காரி ஒருத்தியோடு காக்காவைத் தேடி வந்தாள். கையில் அவளுடைய வாக்குமூலத்தின் நகல். தன் இஷ்டப்படி வீட்டைவிட்டு வெளியே போனதாகவும், யாரிடமும் சொல்லவில்லை என்றும் அவளே ஒப்புக்கொண்டதாக அரபியில் இருந்தது. வழக்கு நீதிமன்றம் போனால் சிறை. காக்கா அதை அவள் மொழியில் வாசித்துக் காட்டினார். அவள் அழவில்லை, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கா பின்பக்கம் இணைத்திருந்த விண்ணப்பத்தைப் புரட்டினார். எங்கள் முத்திரை. ஸ்வாஹிலி.

"யாரு அடிச்சது?"

"நான்தான் காக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "பர்தாவைப் போட்டுட்டு வா. போவோம்."

"நான் எதுக்கு? நீங்க போய்ச் சொன்னா ஆகாதா? சென்டர் மேல நடவடிக்கை வந்தா மொத ஆளா என்னைத்தான் தூக்குவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கு காக்கா."

"உன் வேலை போனா வேற வேலை தேடலாம். நானும் சேந்து தேடுறேன். இவ உள்ள போனா எந்த சென்டர்ல போய் மனு போடுறது? தப்பா எழுதினவ வந்து தப்புன்னு சொன்னாத்தான் நம்புவாங்க. நட."

அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எஷாத்தியையும் கூட்டிக்கொண்டு மூன்று முறை போனோம், மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். "கொமோரி என்பது ஸ்வாஹிலியின் ஒரு வட்டார வழக்கு, அது போதும்" என்றார் அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நானே அப்படித்தானே நினைத்து அடித்தேன். ஒவ்வொரு முறையும் காக்கா, "ஷுக்ரன், நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எனக்குக் காலும் மனமும் ஓய்ந்துவிட்டன. "மாஃபி ஃபாய்தா காக்கா, ஒரு பிரயோசனமும் இல்லை, விட்டுடுங்க" என்றேன். "அவங்க சலிக்கிறாங்களா, நான் சலிக்கிறேனான்னு பாப்போம்" என்றார்.

நான்காம் நாள், எஷாத்தியின் வாக்குமூலத்தை மொழிபெயர்த்த அந்த ஸ்வாஹிலி மொழிபெயர்ப்பாளரே வேறொரு வேலையாக அங்கே வந்திருந்தார். ஓமானின் சோஹார்க்காரர், தாய்வழியில் ஸான்ஸிபார், வெள்ளைத் தாடி, பார்த்தாலே மரியாதை வரும். காக்கா முதலில் அவரிடம் போய், அவர் கையை இரு கையாலும் பிடித்து சலாம் சொன்னார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். பெரியவர் இந்தப் பெண்ணிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். அதிகாரிக்கும் எங்களைத் தொலைத்தால் போதும் என்று இருந்திருக்கும். சரி என்றார்.

பெயர் என்ன என்று பெரியவர் ஸ்வாஹிலியில் கேட்டார். எஷாத்தி சொன்னாள். எந்த ஊர்? அதையும் சொன்னாள். அதிகாரி எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். போச்சு, இவளுக்குப் புரிகிறதே! காக்கா அசையவில்லை. மூன்றாவது கேள்வியை அவரே அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார்: நேற்று மதியம் சாப்பிடுவதற்கு முன் என்ன வேலை செய்துகொண்டிருந்தாய், அதை யார் சொல்லிச் செய்தாய்? பெரியவர் கேட்டார். எஷாத்தி தலையைக் குனிந்து, "ஆமாம்" என்றாள்.

பெரியவர் மீண்டும், நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "ஆமாம்" என்றாள்.

அந்தப் பெரியவர் பேனாவை மேசையில் வைத்தார். "அன்றைக்கும் இவள் இப்படித்தான் ஆமாம் என்றாள். நான் அதை வாக்குமூலம் என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்" என்று அரபியில் சொன்னார். அதிகாரி விண்ணப்பத்தை எடுத்து, இதில் ஸ்வாஹிலி என்று போட்டது யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். "நான்தான். அவள் மொழி பட்டியலில் இல்லை. ஸ்வாஹிலி இல்லை என்று தெரிந்தும் போட்டேன்" என்றேன்.

ஏன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாய் என்று அவளைக் கேட்டார்கள். காக்கா மொழிபெயர்த்தார். தாடி நரைத்த ஒருவர், நம் வீட்டுச் சொற்களாகவே பேசுகிறார். அவர் முகத்தைப் பார்த்து, நீங்கள் பேசுவது புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? உம்மா அப்படி வளர்க்கவில்லை. பாதி புரிந்தது, மீதியும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இதுதான் அவள் சொன்ன பதில்.

அன்றே புதிய வாக்குமூலம் எடுத்தார்கள். அந்த அம்மாவின் மகன்தான் போன் செய்து, உடனே கீழே போய் மருந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது வந்ததும் போகிறேன் என்று இவள் சொல்லியும் கேட்கவில்லை. பழைய காகிதத்தில் அந்த போனே இல்லை. போனைச் சரிபார்த்தார்கள், அந்த அழைப்பு இருந்தது. எஷாத்தியின் மேல் வழக்கு நிற்கவில்லை. மறு மாதம் தன் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தியபோது, காக்கா சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். என் வேலை தப்பியது.

புதிய வாக்குமூலம் எடுத்த அன்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் விசும்பிக்கொண்டே இருந்தேன். "ஒண்ணுமே புரியலைன்னா ஆளு கையை விரிச்சுடுவான், பிரச்சினை இல்லை. பாதி புரிஞ்சா தலையாட்டுவான். தூரத்து மொழி பயமில்லை லாத்தா, பக்கத்து மொழிதான் பயம்" என்றார். அழுகிறவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. அவர் அப்படித்தான்.

அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஷிம்வாலி கற்றேன். நலம் விசாரிப்பேன், உறவுமுறை சொல்வேன், மீன் பெயர்கள் தெரியும், சண்டை போடவும் கொஞ்சம் வரும். பதினோரு வருடத்தில் அவ்வளவுதான் முடிந்தது.

போன வாரம் அதே அலுவலகத்திலிருந்து போன் வந்தது. காக்கா மௌத்தான செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது, துஆ செய்தார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். படகில் வேலை செய்யும் கொமோரிக்காரர் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், பெரிய தீவு ஆள். "நீங்கள்தான் அவரோடு இத்தனை வருடம் இருந்தீர்களே, உங்களுக்கு அந்த மொழி தெரியுமே. சின்ன வாக்குமூலம்தான், வந்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவருடைய இடத்தில் போய் உட்காரலாமே என்று ஓர் ஆசை, பொய் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"கொஞ்சம்கூடவா தெரியாது?"

"கொஞ்சம் தெரியும். அதனால்தான் வர மாட்டேன். தெரிந்த ஆளை நான் தேடித் தருகிறேன். அதுவரை அவரை எதிலும் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்."

ஷார்ஜாவில் படிக்கும் அந்தத் தீவுப் பையன் ஒருவனைத் தேடிப் பிடிக்க ஒன்றரை நாள் ஆனது. இடையில் ஏழு முறை போன் செய்தார்கள். ஏழு முறையும், கொஞ்சம் தெரியும், அதனால்தான் வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். பக்கர் காக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பதில்தான். அதை யார் கேட்டாலும் விட்டுத் தரமாட்டேன்.