ஆன்டெனாவுக்காக வெட்டிய கொய்யா

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்த புதிதில், மெட்ராஸ் நிகழ்ச்சி புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. கொய்யா மரம் ஆன்டெனாவை மறைக்கிறது என்று, மில் விட்டு வந்த கையோடு என் கணவர் வடக்குப் பக்கக் கிளைகளை மொட்டையாக வெட்டிவிட்டார். புள்ளி போகவில்லை. கடைசியில் பார்த்தால், ஆன்டெனாவில் வயர் கழன்றிருந்தது.

மழைக்குப் பின் வெட்டிய இடங்களில் துளிர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. "வுடு, எல்லாம் வளரட்டும், மரம் பொழைச்சிக்கும்" என்றார். எனக்குச் சந்தேகம். ஒரு கிளையை மட்டும் அவர் சொன்னபடி விட்டேன். மற்றவற்றில் வெளிப்பக்கம் பார்த்த இரண்டிரண்டு துளிர்களை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிள்ளினேன். விட்ட கிளை துடைப்பமாய் நின்றது. கிள்ளியவை மறுவருஷம் காய்த்தன.

இப்போதெல்லாம் படம் மங்கினால், அவர் கத்தியைத் தேடுமுன் நான் மாடியேறி வயரைப் பார்த்துவிடுகிறேன்.